நாலாவது டம்ளர்

பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரும் என்றால் பெரிய கூட்டமில்லை. தாரணியின் கணவன் சஞ்சீவ், பத்து வயது மகள் மகிழினி, குடிமாற்று நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஹேமலதா, அவ்வளவுதான். அடுத்தது சர்க்கரை. அதற்குத்தான் மூவரும் காத்திருந்தார்கள்.

புது வீட்டுக்குக் குடிபோகிற குடும்பங்களில் இப்போது இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பால் பொங்கியதும் வீட்டுக்காரி கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். கையை நீட்ட வேண்டும். சர்க்கரை டப்பா தானாகக் கைக்கு வர வேண்டும். வாசலில் மாவிலை கட்டாமல் விட்டாலும் விடுவார்கள், இதை விடமாட்டார்கள்.

தாரணி கண்ணை மூடினாள். சரவணம்பட்டியில், முப்பதாவது மாடியில் இருந்த அந்தச் சமையலறைக்குள் அவள் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு அலமாரியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. வலது கை மேலே போனது, லேசாகச் சாய்ந்தது, ஒரு கதவைத் தள்ளியது, உள்ளே போய் நின்றது. விரல்களுக்கு நடுவே சர்க்கரை டப்பா இருந்தது.

"பாத்தீங்களா!" என்றாள் ஹேமலதா. அவள் கைத்தட்டல்தான் பலமாக இருந்தது. இருக்காதா பின்னே, வேலை அவளுடையதாயிற்றே.

வீடு மாறுவதென்றால் ஒரு காலத்தில் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அட்டைப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டு வந்து, எந்தப் பெட்டியில் எது இருக்கிறதென்று தெரியாமல், கரண்டிக்கு ஒரு நாள் கத்தரிக்கு ஒரு நாள் என்று அலைந்திருக்கிறார்கள். தடமானி என்கிற கருவி வந்த பிறகு அந்தத் தலைவலி ஒழிந்தது. வீடு மாறுவதற்கு இரண்டு வாரம் முன்பு நிறுவனத்தின் ஆட்கள் பழைய வீட்டுக்கு வந்து, புளியங்கொட்டை அளவில் கறுப்பாக இருக்கும் சின்னச் சின்ன வண்டுகளைச் சுவர் மூலைகளில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்த வண்டுகளுக்குக் கண் கிடையாது, காதும் கிடையாது, சட்டம் விடாது. அவை கவனிப்பது கையையும் காலையும்தான். எந்தக் கை எந்த உயரத்துக்குப் போகிறது, எவ்வளவு அழுத்துகிறது, கதவைக் கையால் சாத்துகிறதா இடுப்பால் தள்ளுகிறதா, நடக்கும்போது குதிகால் முதலில் விழுகிறதா விரல் முதலில் விழுகிறதா. இப்படிச் சேர்த்த பழக்கங்களைத் தடமானி ஆளுக்கொரு கட்டாகக் கட்டி வைக்கும். ஒரு கட்டுக்குப் பெயர் ஒரு தலை. அதற்கு உங்கள் முகம் தெரியாது, பெயர் தெரியாது. உங்கள் பழக்கம் தெரியும்.

பிறகு, அடுக்கி என்கிற பல கை இயந்திரம் பழைய வீட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், புது வீட்டில் தலைக்குத் தகுந்தாற்போல் பிரித்து அடுக்கிவிடும். நீங்கள் வெறுங்கையோடு போய் இறங்கினால் போதும். கை தானாகப் போகிற இடத்தில் பொருள் இருக்கும்.

இதில் வந்த ஒரே விளைவு, தேடுவது என்கிற வேலை ஊரிலிருந்து ஒழிந்துபோனதுதான். மகிழினி பிறந்ததிலிருந்து யாரும் எதையும் தேடி அவள் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் 'தேடு' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னால் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கிறார்கள் என்று வாத்தியார்கள் சிரிப்பார்கள். வாத்தியார்களுக்கும் தேடிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது என்பது வேறு விஷயம். வீடு மாறாதவர்கள்கூட வருடத்துக்கொரு தடவை அடுக்கியைக் கூப்பிட்டு வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். சஞ்சீவின் அப்பா இருந்தவரை, ராமநாதபுரத்தில் இருந்த பழைய வீட்டுக்குள் இயந்திரத்தை விடவில்லை; எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லும் அவர் கண்டிப்பில் அங்கேயும் யாரும் எதையும் தேடவில்லை. அவர் காலமான பிறகு இப்போதுதான் முதல் தடவை.

மேடையில் டம்ளர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. தாரணி பாலை ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதிலும் ஊற்றப் போனவள் நின்றாள்.

"இது யாருக்குங்க?" என்று ஹேமலதாவைக் கேட்டாள். "உங்களுக்கா?"

"ஐயோ, நாங்க வாடிக்கையாளர் வீட்டுல குடிக்கக் கூடாதுங்க." ஹேமலதா தன் கையிலிருந்த பலகைத் திரையைப் பார்த்தாள். "உங்க நாலாவது ஆளுக்குங்க. அவங்க இன்னும் வரலீங்களா?"

"எந்த நாலாவது ஆளு?" என்றான் சஞ்சீவ்.

"வீட்டுல நாலு தலைங்களே சார்."

"மூணு பேருங்க நாங்க. நானு, இவ, புள்ள."

ஹேமலதாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் பேசாமல் அவர்களைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். மேற்குப் பார்த்த சன்னலுக்குக் கீழே, தரையில், ஒரு தலையணை போட்டிருந்தது. அதன் இடது பக்கம் ஒரு சின்ன ஜாடி. திறந்தால் புளியும் கல்லுப்பும் பிசைந்த உருண்டைகள். சுவரில், இடது கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு கொக்கி. அதில் சாயம் போன ஒரு நூல் புடவை. சமையலறையில் நாலாவதாக இருந்தது விளிம்பு நசுங்கிய ஒரு டம்ளர்.

"இந்த டம்ளர் எப்பவோ தொலைஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்," என்றாள் தாரணி.

"இது மூணு பேரும் பொழங்குற சாமானில்லீங்க. நாலாவது தலை மட்டும் எடுக்கறது," என்றாள் ஹேமலதா. "நொட்டாங்கைக்காரங்க. காலை நீட்டி உக்காருவாங்க. பகல்லதான் இருப்பாங்க போல. சார் ஆபீஸ் போனப்புறம் வர்றாங்க, பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள போயிடறாங்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சஞ்சீவ் தாரணியைப் பார்க்கவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது டம்ளர் காலியாகவே இருந்தது.

ஹேமலதா போன பிறகு அவன் கேட்டான். "யாரு வந்து போறது?"

"யாரும் வரலைங்க. மகிழ் மேல சத்தியமா."

"புள்ள மேல சத்தியம் பண்ணாதே. வண்டு பொய் சொல்லாது."

"நான் பொய் சொல்லுவேனா?"

அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் மகிழினியின் துணிமணிகளைப் பையில் வைத்தான். "முழுப் பரீட்சை லீவுதானே. பொள்ளாச்சியில அக்கா வீட்டுல இருக்கட்டும். நாலாவது ஆள் யாருன்னு எனக்குத் தெரியோணும். தெரியற வரைக்கும் புள்ள இங்க இருக்க வேண்டாம். லீவு முடிஞ்சும் தெரியலைன்னா அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துப்போடறேன்."

தாரணிக்கு இரண்டு பயங்கள். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகிறான் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அவன் சந்தேகப்படுவது நிஜமாக இருந்தால்? மாமனார் காலமானதிலிருந்து அந்த வீட்டில் பகல் முழுக்க அவள் தனியாகத்தானே இருந்தாள்? அவளுக்குத் தெரியாமலே அவள் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து புளி தின்றுகொண்டிருந்தாளா? யாரிடம் போய்ச் சொல்வது?

அவர்கள் போன பிறகு வீடு ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. சன்னல் பக்கம் போகக் கூடாது என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். அடுப்பைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். மகிழினியின் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் தொண்டை வறண்டது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்தது, வாயில் புளிப்பு.

அவள் மேற்குச் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் நீட்டியிருந்தன. வெயில் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. நசுங்கின டம்ளர் கையில் இருந்தது. இடது கையில்.

அவள் அசையவில்லை. அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். சின்ன வயதில், பள்ளிக்கூடம் போவதற்கும் முன்னால், அந்தக் கையில்தான் அவள் எல்லாம் செய்தாள். நொட்டாங்கையில் தண்ணீர் குடிக்காதே என்று அம்மா புறங்கையில் போட்ட அடியும், காலை நீட்டி உட்காராதே பொட்டப்புள்ள என்று தொடையில் கிள்ளியதும் நினைவுக்கு வந்தன. அடித்து அடித்து அந்தக் கையை மறக்கடித்தார்கள். கை மறக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவளிடமே கேட்காமல், வெளியே வந்து போய்க்கொண்டிருந்தது.

"அட, நானா!" என்று வாய்விட்டுச் சொன்னாள். சிரிப்பு வந்தது. இத்தனை பயமும் தன்னைப் பார்த்தேதானா! நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி. மிச்சத் தண்ணீரையும் அந்தக் கையாலேயே குடித்துவிட்டு சஞ்சீவுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நாலாவது ஆளு நான்தாங்க."

அவன் லேசில் நம்புகிறவன் இல்லை. ஹேமலதாவை வரவழைத்தான். அவள் பலகையை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து தாரணியுடைய மூன்றாவது தலையையும் நாலாவது தலையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

"ஆமாங்க சார்," என்றாள். "ஒடம்பு எடை ஒண்ணுதான். பாதம் ஒண்ணுதான். இவங்க இருக்கறப்ப அவங்க இல்லை, அவங்க இருக்கறப்ப இவங்க இல்லை. ஒரே ஆளத்தான் வண்டு ரெண்டாக் கட்டியிருக்குது. பழக்கம் அத்தனை வேறயா இருக்குதுங்க, அது என்ன பண்ணும் பாவம்?"

சஞ்சீவ் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான். பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். "அட, இவ்வளவுதானா? ஒரு நாள் ராத்திரி என்னைத் தூங்கவிடாமப் பண்ணிப்போட்டீங்களே!" அன்று சாயங்காலமே மகிழினியைக் கூட்டிவந்தான். வரும்போது தாரணிக்கு மல்லிகைப் பூவும் ஒரு டப்பா மைசூர்பாகும் வாங்கிவந்தான். தப்பு நடந்துவிட்டால் வாயால் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் வாங்கிவருவார்கள். தாரணியும் வலது கையால் வாங்கிக்கொண்டாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஹேமலதா மறுநாள் வந்தாள்.

"ஒரு தலையை எடுக்கோணுங்க சார். ஒரே ஒடம்புக்கு ரெண்டு தலை வெச்சு வீட்டை அடுக்கினா கை தடுமாறுமுங்க. இப்படித்தான் ஒரு வீட்டுல அப்படியே விட்டுப்போட்டோம். அந்தம்மா டம்ளர எடுக்கறேன்னு எரியற அடுப்புல கைய வெச்சுட்டாங்க. அதுலயிருந்து எங்க கம்பெனியில கண்டிப்பா ஒண்ணுதான்."

"ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் தாரணி. ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தச் சன்னலடி வெயில் நினைவுக்கு வந்திருந்தது.

"எதுக்கு வம்பு? நாளைக்கு நீ கைய சுட்டுக்கவா?" என்றான் சஞ்சீவ். ஹேமலதாவிடம் திரும்பினான். "தப்பா விழுந்ததை எடுத்துருங்க."

"எது தப்புன்னு தடமானிக்குத் தெரியாதுங்க சார். நீங்கதான் சொல்லோணும்."

"இதுல என்ன கேள்வி? ரெண்டுல எது கம்மியோ அதை எடுத்துப்போடுங்க."

"கம்மியா இருக்கறதுங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். எடுத்தா எடுத்ததுதான். அழிச்ச தடத்தைத் திரும்ப வெக்கறதுக்குச் சட்டத்துல இடமில்லை."

"யோசிக்க என்னங்க இருக்குது? இவ இந்தக் குடும்பத்துக்கு எத்தனை வருஷமா சோறாக்கிப் போடறா. எப்பவோ ஒரு நேரம் ஓரமா உக்காந்து புளி திங்கறது கணக்காகுமா? கம்மியானதை எடுங்க."

"இவளும் விரல் வெக்கோணுங்களா?" என்று அவனே கேட்டான்.

"வேண்டாங்க. வீட்டுல பெரியவங்க யாராச்சும் ஒருத்தர் வெச்சாப் போதும்."

சஞ்சீவ் கட்டைவிரலைப் பலகையில் பதித்தான். தாரணியும் அதேதான் நினைத்தாள்: அந்தப் பெண் கொஞ்ச நேரம்தானே வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் சஞ்சீவின் அக்கா வீட்டு விசேஷம். அவர்கள் போய்விட்டு வருவதற்குள் அடுக்கி வந்து வீட்டை மூன்று தலைக்கு மறுபடி அடுக்கிவிட்டுப் போயிருந்தது.

சஞ்சீவுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. சட்டை இருந்தது, சவரக்கத்தி இருந்தது. மகிழினிக்கும் அப்படியே. தாரணி காப்பி போடச் சமையலறைக்குப் போனாள். நேரமாயிற்று. காப்பி வரவில்லை. சஞ்சீவ் எட்டிப் பார்த்தான்.

தாரணி மேடை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வலது கை மேலே போய், லேசாகச் சாய்ந்து, கதவைத் தள்ளி, உள்ளே நின்றிருந்தது. அங்கே சர்க்கரை டப்பா இல்லை. ஒன்றுமே இல்லை. கை வெறும் அலமாரித் தட்டைத் தொட்டுக்கொண்டு அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

"தாரு, அடுத்த கதவைத் தெறந்து பாரு," என்றான்.

அவள் அவனைப் புரியாமல் பார்த்தாள். அடுத்த கதவைத் திறந்து பார்ப்பது என்றால் என்ன? அப்படி யார் செய்கிறார்கள்? இவ்வளவும் சொன்ன அவனும்தான் அதைத் திறக்கவில்லை. அவனுக்கும் கை அந்தப் பக்கம் போகவில்லை.

பழக்கமெல்லாம் நமக்குள்ளேதான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் நம்மிடம் இருக்கிறது. மீதிப் பாதி டப்பாவில், கொக்கியில், விளக்குத் திரி வைக்கிற மாடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ஜனங்கள் அந்தப் பாதி காணாமல் போனால் தேடிக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டார்கள். தேடத் தெரியாதவர்களிடம் உள்ளே இருக்கிற பாதியும் ரொம்ப நாள் தாங்காது.

தாரணியின் வலது கை ஒரு வாரம் போய்ப் போய்ப் பார்த்தது. சப்பாத்திக் கட்டைக்குப் போனது, இஸ்திரிப் பெட்டிக்குப் போனது, குங்குமச் சிமிழுக்குப் போனது. எதுவும் கிடைக்கவில்லை. பிறகு மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இடது கைக்கோ நீட்டின இடத்திலெல்லாம் என்னவோ கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை சஞ்சீவ் வீடு திரும்பியபோது சன்னலுக்குக் கீழே அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகிழினியும் அப்படியே. இருவரும் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பை அவன் கேட்டதே கிடையாது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"தாரு, காப்பி."

"காப்பியா?" அவள் யோசித்தாள். "அது எங்க இருக்குதுன்னு தெரியலையே. நீங்க வேணும்னா புளித்தண்ணி குடிக்கறீங்களா, சஞ்சீவ்?"

இத்தனை வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னங்க என்பாள், ஏனுங்க என்பாள். இப்போது கோபத்தில் சொல்லவில்லை, கேலிக்கும் சொல்லவில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் கேட்பது மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

அவன் ஹேமலதாவை வரவழைத்துக் கத்தினான். "எதைம்மா எடுத்தீங்க? மாத்தி எடுத்துப்போட்டீங்க!"

"மாத்தலீங்க சார்," என்றாள் அவள். "நீங்க சொன்னபடி கம்மியா இருந்ததைத்தான் எடுத்தோம்."

"அப்ப இவ?"

ஹேமலதா சங்கடப்பட்டாள். "உங்க வீட்டம்மா காலையில கொஞ்ச நேரம் இருந்தாங்க சார். சாயங்காலம் பாப்பாவும் நீங்களும் வந்தப்புறம் கொஞ்ச நேரம். மத்த நேரமெல்லாம் இவங்கதாங்க. வேலை செய்யறப்பகூட, யாரும் பாக்கலைன்னா, இவங்கதான் செஞ்சிருக்காங்க. மூணாவது தலைதான் சார் கம்மி."

சஞ்சீவ் அவள் பலகையைப் பிடித்துக்கொண்டான். "திரும்ப வெச்சுக் குடுங்க. எத்தனை செலவானாலும் சரி."

"அழிச்சதை எப்படிங்க வெக்கறது? ஒண்ணு பண்ணலாம். வண்டை மறுபடி ஒட்டி வெக்கறேன். அந்தம்மா அப்பப்ப வந்து எட்டிப் பாத்தாங்கன்னா போதும், புடிச்சுக்கலாம். புதுசா ஒரு தலை விழுந்துதுன்னா அதை வெச்சு வீட்டை அடுக்கிப்போடலாம்."

வண்டுகள் மறுபடி மூலைகளில் ஏறின. சஞ்சீவ் ஆபீஸுக்கு விடுப்புச் சொன்னான். பகல் முழுக்க மனைவிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதாவது அந்த வலது கை அசையாதா என்று. அவள் அவனிடம் பிரியமாகவே இருந்தாள். ஏன் இப்படி உத்து உத்துப் பாக்கறீங்க என்று கேட்டாள்.

"தாரணி எங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டான்.

"நான் எங்கயும் போகலையே. இங்கதான எப்பவும் இருந்தேன்," என்றாள். "நீங்கதான் வரமாட்டீங்க."

விளக்கு வைக்கிற நேரம்தான் அவனுக்குத் தாங்கவே முடியாமல் இருந்தது. அந்த நேரத்துக்குத் தாரணி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு விளக்கேற்றுவாள். இப்போது வீடு இருட்டிக்கொண்டே வரும், யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். ஒரு நாள் அந்த இருட்டில் அவன் சமையலறைக்குப் போனான். விளக்கு எங்கே? அவன் கை தானாக எங்கும் போகவில்லை. வெறுமே ஒரு கதவைத் திறந்தான். இல்லை. மூடினான். அடுத்த கதவைத் திறந்தான். ஏதோ செய்யக் கூடாததைச் செய்வதுபோல இருந்தது. திறந்த கதவையே மறந்துபோய் மறுபடி திறந்தான்.

"அப்பா, என்ன பண்றீங்க?" மகிழினி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"தேடறேன் கண்ணு."

"அப்படின்னா?"

அவன் அடுத்த கதவைத் திறந்து காட்டினான். மறுநாளும் அதே நேரத்துக்குப் போனான். விளக்கு ஒரு நாள் கிடைத்தது, மேல்தட்டில், பழந்துணியில் சுற்றி. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும். எதற்காகத் திறக்கிறோம் என்பது போய், திறப்பது மட்டும் மிஞ்சியது. கதவுகளைத் திறக்கும்போது தான் அழுவதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

வண்டு எடுக்கிற நாள் வந்தது. ஹேமலதா வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"சார்! நாலு தலைங்க சார்!"

சஞ்சீவ் ஓடிவந்தான். செருப்பில்லாமல், சட்டைப் பொத்தான் போடாமல். "வந்துட்டாளா? எப்ப வர்றா? என் கண்ணுல படவே இல்லையே!"

"விளக்கு வெக்கற நேரத்துக்குங்க. தினமும் தவறாம வர்றாங்க."

"ஆமா, அவதான்! அந்த நேரந்தான் அவளுக்கு!"

"சமையலறைக்குத்தான் வர்றாங்க. ஒவ்வொரு கதவாத் தெறக்கறாங்க. மூடறாங்க. ஒண்ணுமே எடுக்கறதில்லை. தெறந்ததையே மறுபடி தெறக்கறாங்க…" ஹேமலதாவின் விரல் பலகையில் நின்றது. அவள் இரண்டு தலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். போட்டதை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். அவனை நிமிர்ந்து பார்க்கத் தயங்கினாள்.

"சொல்லுங்க," என்றான்.

"இது அம்மா இல்லீங்க சார். எடை உங்களுது. பாதம் உங்களுது. நீங்க இருக்கறப்ப இவரு இல்லை. இவரு இருக்கறப்ப…" அவள் முடிக்கவில்லை.

மேற்குச் சன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம் நெருங்கியது. சஞ்சீவ் தன் கைகள் இரண்டையும் பார்த்தான். அவை சமையலறைப் பக்கம் போகத் துடித்தன.

சன்னலடியில் இருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு நிஜமாகவே இரக்கம் வந்தது.

"ரெண்டு தலை இருந்தாக் கை தடுமாறுமில்லீங்க?" என்று ஹேமலதாவிடம் கேட்டாள். "அடுப்புல கைய வெச்சுக்கப் போறாரு, பாவம்."

"ஆமாங்க. ஒண்ணை எடுத்துத்தான் ஆகோணும். பெரியவங்க யாராச்சும் ஒருத்தர் விரல் வெச்சாப் போதும்."

"தாரு, இரு," என்றான் சஞ்சீவ். "வேண்டாம். இரு. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்."

"எதுக்கு வம்பு?" என்று அன்பாகச் சொன்னாள். பிறகு ஹேமலதாவின் பக்கம் திரும்பி இடது கையை நீட்டினாள். "எது கம்மியோ அதை எடுத்துப்போடுங்க."

அவள் கட்டைவிரல் பலகையில் பதிந்தது. சஞ்சீவ் அவசர அவசரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தான். வண்டு எண்ணுவது கையையும் காலையும்தான்; விடுப்பு எடுத்ததிலிருந்து பகலெல்லாம் அவன் அசையாமல் உட்கார்ந்துதான் இருந்தான். இங்கே நிற்கிறவனா, அங்கே தேடுகிறவனா, இரண்டில் எது கம்மி என்று அவனுக்குத் தெரியவில்லை.